யோசேபஸா, கும்ரானா, பிலோவா? புதிய ஏற்பாட்டின் பின்னணிக்குள் எந்த வாசலில் நுழைவது

அக்கா மகன் போன மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, புதிய ஏற்பாட்டை ரெண்டு தடவை முழுசா படிச்சாச்சு. இதுக்குப் பின்னாடி இருக்கிற யூத உலகம், கிரேக்க உலகம் ரெண்டையும் தெரிஞ்சுக்கணும். ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எதுல ஆரம்பிக்க?" ஃபோனில் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அது அவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் விஷயமில்லை. இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி பற்றி இன்றைய அறிஞர்கள் எழுதியதைப் படிப்பது ஒரு வழி. அந்தக் காலத்து மூலங்களையே மொழிபெயர்ப்பில் படிப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவது கட்சி. அறிஞர்கள் முப்பது வருடத்துக்கு ஒருமுறை கருத்தை மாற்றிக்கொள்வார்கள், மூலம் அப்படியே இருக்கும். மூலம் என்று பார்த்தால் மேசையில் ஆறு இருக்கின்றன: யோசேபஸின் வரலாறுகள், கும்ரானில் கிடைத்த சாக்கடல் சுருள்கள், அலெக்சாந்திரியா பிலோவின் நூல்கள், எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் கிரேக்கப் பழைய ஏற்பாடு, ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, எகிப்து மணலில் கிடைத்த பாப்பிரஸ் தாள்கள். ஆறையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஒன்றும் மண்டையில் நிற்காது.

அதற்கு முன் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன் பங்கில் நடந்த ஒரு விவிலிய வகுப்பில், எங்கோ படித்ததை வைத்து, மித்ரா என்ற தெய்வமும் கன்னியிடம் டிசம்பர் 25இல் பிறந்தவர்தான் என்று பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னேன். பின் வரிசையில் இருந்த ஒரு வயதான ஃபாதர் மெதுவாகக் கேட்டார்: "எந்த நூலில் இருக்கிறது தம்பி?" என்னிடம் பதில் இல்லை. இருக்கவும் முடியாது என்று அப்புறம்தான் தெரிந்தது. ரோமானியச் சிற்பங்களில் மித்ரா ஒரு பாறையிலிருந்து வெளிப்படுகிறார், தாயே கிடையாது. தவிர, அந்த வழிபாட்டின் சின்னங்கள் நமக்குக் கிடைக்கத் தொடங்குவதே முதல் நூற்றாண்டின் கடைசியில்தான். பவுல் தம் கடிதங்களை எழுதி முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் உருவான சமய வரலாற்றுப் பள்ளி, பவுலின் ஞானஸ்நானம், நற்கருணை, "ஆண்டவர்" என்ற பட்டம் எல்லாவற்றையும் கிரேக்க, கீழைத்தேய மறைச் சமயங்களோடு பொருத்திப் பார்த்தது. எதிர்முகாம் அதே விஷயங்களை ரபிகளின் கூற்றுகளோடு பொருத்தியது. 1961இல் அமெரிக்க யூத அறிஞர் சாமுவேல் சாண்ட்மெல் இந்த இரு தரப்புக்கும் இருந்த வியாதிக்கு ஒரு பெயரைப் பரவலாக்கினார். தமிழில் அதை ஒப்புமைப் பித்து என்று சொல்லலாம். இரண்டு இடத்தில் ஒரே மாதிரி ஒன்றைக் கண்டால், ஒன்றைப் பார்த்துத்தான் மற்றது வந்தது என்று முடிவு கட்டிவிடுவது. அதனால் என் முதல் அளவுகோல் இதுதான்: எந்த மூலம் இந்தப் பித்தைத் தணிக்கும்? எது கூட்டும்?

கூட்டுவதில் முதலிடம் மிஷ்னாவுக்கு. சீக்கிரமாகச் சொல்லிவிட்டுக் கடக்கிறேன். ஏறத்தாழ கி.பி. 200இல் யூதா என்ற ரபி தொகுத்தது, 63 பிரிவுகள், எபிரேயம். ஓய்வுநாள் சட்டம், தூய்மைச் சட்டம், கோவில் பலிகள் எல்லாம் இருக்கும். படிக்கச் சுவாரசியம்தான், ஆங்கில மொழிபெயர்ப்பு செஃபாரியா தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கி.பி. 70இல் எருசலேம் கோவில் இடிந்து 130 வருடம் கழித்துத் தொகுக்கப்பட்டதை வைத்துக்கொண்டு, இயேசு காலத்துப் பரிசேயர் இப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. பல தலைமுறைகள் அப்படிச் சொன்னார்கள். அதன் விளைவாக, யூத மதம் என்றாலே நல்ல செயல்களை எண்ணிக் கணக்குப் போட்டு மீட்பை விலைக்கு வாங்கும் மதம் என்ற ஒரு கோரமான சித்திரம் மறையுரைகளில் ஊறிப்போனது. 1977இல் விவிலிய அறிஞர் இ. பி. சாண்டர்ஸ் அதே ரபி நூல்களைப் பொறுமையாகப் படித்துக் காட்டிய பிறகுதான் அது கலைந்தது. உடன்படிக்கைக்குள் கடவுளின் அருளால் ஏற்கெனவே இருக்கிறோம், சட்டத்தைக் கடைப்பிடிப்பது அதற்குள் நிலைத்திருக்க என்பதே அவர்கள் எண்ணம் என்றார் அவர். மிஷ்னாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கடல் சுருள்களுக்கு வருவோம். பெரும்பாலானோர் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். 1947 வாக்கில் பெதுவின் இடையர்கள் கும்ரான் குகையில் முதல் சுருள்களைக் கண்டார்கள். பின்னர் மொத்தம் 11 குகைகள், 900க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள், பெரும்பாலானவை வெறும் துணுக்குகள். இவற்றில் புதிய ஏற்பாட்டு நூல் ஒன்றுகூட இல்லை, இயேசுவின் பெயரும் இல்லை. ஏழாம் குகையின் ஒரு சின்னக் கிரேக்கத் துண்டை மாற்கு நற்செய்தி என்று 1972இல் ஒருவர் வாதிட்டார். மிகப் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

ஆனால் இருப்பதே திகைக்க வைக்கிறது. சிறையிலிருந்து யோவான் ஆளனுப்பி "வரப்போகிறவர் நீர்தாமா?" என்று கேட்டபோது இயேசு தரும் பதிலை லூக்கா ஏழாம் அதிகாரத்தில் பாருங்கள்: பார்வையற்றோர் பார்க்கிறார்கள், இறந்தோர் எழுகிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது. இந்தப் பட்டியல் ஏசாயாவிலிருந்து வந்தது என்று நாம் படித்திருக்கிறோம். ஏசாயா 61இல் இறந்தோர் எழுவது கிடையாது. நான்காம் குகையில் கிடைத்த ஒரு துணுக்கில், மெசியாவைப் பற்றிப் பேசிவிட்டு, கடவுள் காயப்பட்டவர்களைக் குணமாக்குவார், இறந்தோரை உயிர்ப்பிப்பார், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்வார் என்று அதே கூட்டல் இருக்கிறது. அதே குகையின் வேறொரு நூலில் "தோராவின் செயல்கள்" என்ற சொற்றொடர் வருகிறது (தோரா என்பது மோசேயின் சட்டம்). கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் எதை எதிர்த்து மல்லுக்கு நிற்கிறாரோ அதே சொல். லூக்காவோ பவுலோ கும்ரானுக்குப் போய் வந்தார்கள் என்று அர்த்தமில்லை. அந்தப் பேச்சு அன்றைய யூதேயாவின் காற்றில் இருந்தது, அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், துணுக்குகளைத் தனியாளாகப் படிப்பது கஷ்டம். மொழிபெயர்ப்பைத் திறந்தால் பாதி வரி அடைப்புக்குறிக்குள்தான் இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது பதிப்பாசிரியரின் ஊகம். இரவு பத்து மணிக்கு, வேலை முடிந்து வந்த களைப்பில், எது சுருள் எது ஊகம் என்று பிரித்துப் பார்க்கும் தெம்பு யாருக்கு இருக்கும்? கும்ரான் மூன்றாவதாகப் போகட்டும்.

பிலோவைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. அலெக்சாந்திரியாவின் பணக்கார யூதக் குடும்பம், இயேசுவின் காலத்திலேயே வாழ்ந்தவர், பவுலுக்குச் சற்று மூத்தவர். மோசேயின் ஐந்து நூல்களையும் பிளேட்டோவின் கண்ணாடி போட்டுப் படித்தார். ஆபிரகாமின் பயணம் அவருக்கு ஆன்மாவின் பயணம். கடவுளுக்கும் உலகுக்கும் நடுவில் நிற்கும் லோகோஸை, அதாவது வாக்கை, அவர் கடவுளின் முதல்பேறானவர் என்கிறார். யோவான் நற்செய்தியின் முதல் வரியைப் படிக்கும் எவருக்கும் இங்கே மயிர்க்கூச்செறியும். பதினான்காம் வசனத்துக்கு வரும்போதுதான், "வாக்கு மனிதர் ஆனார்" என்பதைப் பிலோ கனவிலும் எழுதியிருக்க மாட்டார் என்பது புரியும். ஒற்றுமையையும் அது முடியும் இடத்தையும் ஒரே பக்கத்தில் காட்டுவதால் பிலோ நல்ல வாத்தியார்.

ஆனால் உவமைக்குள் உவமையாகப் போய்க்கொண்டே இருப்பார். எனக்கே தூக்கம் வந்திருக்கிறது. அதனால் அவருடைய தத்துவ நூல்களைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு வரலாற்று நூல்களை மட்டும் எடுங்கள்: ஆளுநர் ஃபிளாக்கஸ் மேல் எழுதியது, பேரரசர் காயுஸிடம் தூது போனது பற்றியது. முதலாவதில் ஒரு காட்சி. கி.பி. 38, யூத அரசர் அகிரிப்பா அலெக்சாந்திரியாவுக்கு வருகிறார். ஊர்க்கூட்டம் அவரைக் கிண்டல் பண்ணத் தெருவில் திரியும் கராபாஸ் என்ற சித்தம் கலங்கிய ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகிறது. உயரமான இடத்தில் நிறுத்தி, பாப்பிரஸ் தாளை விரித்துத் தலையில் கிரீடம், ஒரு பாயை மேலங்கி, வழியில் கிடந்த நாணல் துண்டு செங்கோல். இளைஞர்கள் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரு பக்கமும் மெய்க்காவலர். அப்புறம் எல்லோரும் "மாரின், மாரின்" என்று கத்துகிறார்கள். அரமேயத்தில் ஆண்டவரே என்று பொருள். எருசலேமில் படைவீரர்கள் முள்முடி வைத்து ஆடிய ஆட்டத்தைப் படித்திருக்கிறோமே, அந்த மாதிரி விளையாட்டு அன்றைய கீழை நகரங்களில் எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. இதற்காக மட்டுமே பிலோவை வைத்திருக்கலாம்.

பாப்பிரஸ் தாள்கள் தொடர்ந்து படிக்க அல்ல, இடையிடையே கொறிக்க. 1896 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு இளம் ஆங்கிலேயர்கள் எகிப்தின் ஆக்சிரிங்கஸில் பழைய குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான துண்டுகள்: கடன் பத்திரம், அம்மாவுக்குக் கடிதம், வரி ரசீது. இரண்டாம் நூற்றாண்டு விருந்து அழைப்பு ஒன்று: நாளை 15ஆம் தேதி, ஒன்பதாம் மணிக்கு, செராப்பிஸ் என்ற தெய்வத்தின் கோவிலில், ஆண்டவர் செராப்பிஸின் பந்தியில் உணவருந்த கைரெமோன் உங்களை அழைக்கிறார். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை அளவு சாதாரணமான விஷயம். இதைக் கையில் வைத்துக்கொண்டு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை படித்தால், சிலைக்குப் படைத்த உணவு பற்றி பவுல் ஏன் மூன்று அதிகாரம் மன்றாடுகிறார் என்பது விளங்கும். அழைப்பை மறுத்தால் நண்பர் போய்விடுவார், வியாபாரம் போய்விடும். "ஆண்டவருடைய பந்தி" என்று அவர் எழுதியது கொரிந்தியர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதும் தெரியும்.

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். யோசேபஸும் எழுபதின்மரும்.

ஊரில் யாரைக் கேட்டாலும் யோசேபஸ் என்றுதான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. கி.பி. 37இல் எருசலேமில் குருக்கள் குடும்பத்தில் பிறந்தவர். 66இல் ரோமுக்கு எதிராகப் போர் வெடித்தபோது கலிலேயாவில் தளபதி. மறு வருடம் யோத்தபாத்தா கோட்டை விழுந்ததும் நாற்பது பேருடன் ஒரு குகையில் ஒளிந்தார். சரணடைவதைவிடச் சாவது மேல் என்று மற்றவர்கள் சொல்ல, சீட்டுப் போட்டு ஒருவர் கையால் ஒருவர் சாவது என்று ஏற்பாடு. கடைசியில் மிஞ்சியது இவரும் இன்னொருவரும்! அதிர்ஷ்டமோ கடவுளின் திட்டமோ என்று அவரே கூச்சமில்லாமல் எழுதுகிறார். பிறகு ரோமத் தளபதி வெஸ்பாசியனிடம் நீர் பேரரசர் ஆவீர் என்று சொல்லி உயிர் பிழைத்தார், 69இல் அது பலிக்கவும் செய்தது. ரோமில் பேரரசர் தயவில் உட்கார்ந்து எழுதியதுதான் ஏழு நூல்கள் கொண்ட யூதப் போர் வரலாறும் இருபது நூல்கள் கொண்ட யூதத் தொன்மை வரலாறும்.

நற்செய்திகளில் சில காட்சிகளில் மட்டும் வந்துபோகும் ஏரோது, பிலாத்து இருவரும் இவரிடம் ஆளாக நடமாடுகிறார்கள். திருமுழுக்கு யோவானை ஏரோது அந்திப்பா ஏன் கொன்றார் என்பதற்கு யோசேபஸ் தரும் காரணம் நடனமும் இல்லை, தட்டும் இல்லை: கூட்டம் சேருகிறது, கலகம் வரலாம், முந்திக்கொள்வோம் என்ற அரசியல் கணக்கு. இயேசுவைப் பற்றிய பத்தி 18ஆம் நூலில் இருக்கிறது, ஆனால் "அவரே மெசியா" என்ற மாதிரி வரிகளைக் கிறிஸ்தவ எழுத்தர்கள் பின்னால் சேர்த்திருக்கிறார்கள் என்பதே பெரும்பான்மைக் கருத்து. யோசேபஸ் இயேசுவை மெசியாவாக ஏற்காதவர் என்று மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜனே எழுதிவிட்டார். 20ஆம் நூலில் இயேசுவின் சகோதரர் யாக்கோபு கி.பி. 62இல் கொல்லப்பட்டது பற்றிய குறிப்புக்கு அந்தச் சந்தேகம் பெரிதாக இல்லை.

யோசேபஸிடம் எனக்குள்ள தயக்கம் வேறு. அவர் ரோமானிய வாசகருக்கு எழுதுகிறார். பரிசேயர் என்பவர்கள் உங்கள் ஸ்டோயிக்குகள் மாதிரி, எசேனியர் என்ற இன்னொரு யூதக் குழு பித்தாகரஸ் ஆட்கள் மாதிரி என்று கிரேக்கத் தத்துவப் பள்ளிகளோடு ஒப்பிடுகிறார். படிக்கிற நமக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: யூதம் ஒரு பெட்டி, கிரேக்கம் இன்னொரு பெட்டி, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். முதல் வாசலிலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிறகு விடாது. ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் ஹெங்கல் 1969இல் ஆதாரங்களைக் குவித்து உடைத்தது இதைத்தான்: பாலஸ்தீன யூதமும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கிரேக்க உலகின் ஒரு பகுதிதான். எருசலேமிலேயே, கோவில் நின்றுகொண்டிருந்த நாளிலேயே, தியோதோத்தோஸ் என்ற யூதக் குரு தொழுகைக்கூடம் கட்டிக் கல்வெட்டு வைத்தார். சட்டத்தை வாசிக்கவும் கட்டளைகளைக் கற்பிக்கவும் வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்கவும் என்று எழுதியிருக்கிறது. எழுதிய மொழி கிரேக்கம்.

அதனால் என் ஓட்டு எழுபதின்மருக்கு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தோராவோடு தொடங்கி, பிறகு மற்ற நூல்களும் கிரேக்கத்துக்குப் போயின. புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் பெரும்பாலும் கையாண்ட வேதம் இது. என் வீட்டுக்காரி சி.எஸ்.ஐ., அதனால் அலமாரியில் இரண்டு பைபிள் உண்டு. அவளுடைய பழைய பைபிளை எடுத்து சங்கீதம் 40:6ஐயும் எபிரெயர் 10:5ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சங்கீதத்தில் "என் செவிகளைத் திறந்தீர்". எபிரெயர் நிருபம் அதே வரியை மேற்கோள் காட்டும்போது "ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்". காது எப்படி உடலானது? சங்கீதம் எபிரேயத்திலிருந்து தமிழுக்கு வந்தது, நிருபத்தை எழுதியவர் கையிலிருந்ததோ கிரேக்க வேதம். கிறிஸ்து தம் உடலைப் பலியாகக் கொடுத்தார் என்ற அவருடைய வாதம் அந்தக் கிரேக்கச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. கிரேக்கமோ எபிரேயமோ தெரியாத ஒரு தமிழர், வீட்டில் இருக்கிற ஒரே புத்தகத்தை வைத்து இதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

இன்னொரு வசதி, முழு எழுபதின்மருக்கும் போக வேண்டியதில்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பில், எபிரேய வேதத்தில் இல்லாத ஆனால் எழுபதின்மரில் இருக்கும் நூல்கள் நல்ல தமிழில் இருக்கின்றன. ஞாயிறு வாசகத்தில் வந்தால் கேட்போம், மற்றபடி யாரும் திறப்பதில்லை. சாலமோனின் ஞானம் 13, 14 அதிகாரங்களைப் படித்துவிட்டு உரோமையர் முதல் அதிகாரத்துக்குப் போனால், சிலைவழிபாட்டைப் பவுல் சாடுவது எந்தப் பள்ளிக்கூடத்துப் பாடம் என்று தெரிந்துவிடும். சீராக்கின் ஞானத்துக்கு முன்னால், அதைக் கிரேக்கத்தில் தந்த பேரனின் முன்னுரை ஒன்று உண்டு. எபிரேயத்தில் சொன்னது வேறு மொழிக்குப் போகும்போது அதே வலிமையோடு இருப்பதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். மொழிபெயர்ப்பு வேலை பார்த்த யாருக்கும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஆனால் முதலில் திறக்க வேண்டியது 2 மக்கபேயர். அதன் நான்காம் அதிகாரம்: கி.மு. 175 வாக்கில் யாசோன் பணம் கொடுத்துத் தலைமைக் குரு பதவியை வாங்கி, எருசலேமில் கிரேக்க உடற்பயிற்சிக்கூடம் கட்டுகிறான். வட்டெறியத் தொடங்கும் ஓசை கேட்டதும் குருக்கள் பலிபீடத்தை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். நூலாசிரியருக்கு ஆத்திரம். இந்தக் கிரேக்க மோகத்தைக் குறிக்க "ஹெல்லெனிஸ்மோஸ்" என்கிறார். அதற்கு எதிராகப் போராடியவர்கள் காத்ததற்கு "யூதாயிஸ்மோஸ்" என்கிறார். யூத மதம் என்று பொருள்படும் அந்தச் சொல் நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் முதன்முதலாக வருவது இங்கேதான். பவுல் கலாத்தியருக்குத் தம் பழைய வாழ்க்கையைச் சொல்லும்போது எடுக்கிற சொல்லும் அதுவே. இதில் வேடிக்கை, கிரேக்க மோகத்தைத் திட்டும் இந்த நூல் மொழிபெயர்ப்பு இல்லை, அலங்காரமான கிரேக்கத்திலேயே எழுதப்பட்டது. சிரேனே ஊர் யாசோன் என்ற யூதர் (இவர் வேறு யாசோன்) எழுதிய ஐந்து தொகுதிகளின் சுருக்கம். கிரேக்க வரலாற்றாசிரியர் பாணியில் முன்னுரையெல்லாம் வைத்து, கிரேக்கமாக மாறாதே என்று கிரேக்கத்தில் எழுதுகிறார். யூதமா கிரேக்கமா என்று கேட்டுக்கொண்டு வருபவரை வாசலிலேயே நிறுத்தி, கேள்வியைத் திருத்திக்கொண்டு உள்ளே வா என்று சொல்லும் நூல் இது.

சரி, வரிசை இப்படி: 2 மக்கபேயர், சாலமோனின் ஞானம், சீராக்கு ஒரு மாதம். அப்புறம் யோசேபஸின் போர் வரலாறு, தொன்மை வரலாற்றின் கடைசி மூன்று நூல்கள் மட்டும், மூன்று மாதம். விஸ்டனின் 1737ஆம் வருட ஆங்கிலம் இலவசம், கொஞ்சம் கரடுமுரடு. பிறகு கும்ரான் துணுக்குகள், கூடவே பிலோவின் இரண்டு வரலாறுகள். பாப்பிரஸ் எப்போது வேண்டுமானாலும். ஒருவேளை நீங்கள் சட்டம் படித்தவராகவோ வாதங்களை ரசிப்பவராகவோ இருந்தால் மிஷ்னாவை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவரலாம், தேதியை மட்டும் மறக்காமல்.

மருமகன் இதில் எதையும் கேட்கவில்லை. நேராக யோசேபஸின் போர் வரலாற்றுக்குள் குதித்துவிட்டான். போன வாரம் இரவு பதினொன்றரைக்கு ஆறாம் நூலிலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். போருக்கு நாலு வருடம் முன், கூடாரத் திருவிழாவில் அனனியாவின் மகன் ஒருவர், படிக்காத நாட்டுப்புறத்தார், எருசலேமுக்கும் கோவிலுக்கும் எதிராகக் குரல் என்று கத்தத் தொடங்குகிறார். பெரியவர்கள் பிடித்து அடித்து ரோம ஆளுநரிடம் ஒப்படைக்கிறார்கள். எலும்பு தெரியச் சாட்டையால் அடித்தும், ஒவ்வோர் அடிக்கும் "எருசலேமுக்கு ஐயோ கேடு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நீ யார், எந்த ஊர் என்று கேட்டால் பதில் சொல்லவில்லை. பைத்தியம் என்று விட்டுவிடுகிறார்கள். ஏழு வருடம் ஐந்து மாதம் கத்திவிட்டு, முற்றுகையின்போது மதில்மேல் நின்று "எனக்கும் கேடு" என்று சொன்ன நொடியில் ரோமர் எறிந்த கல் பட்டுச் சாகிறார். அவர் பெயரும் இயேசு.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: "மாமா, மாற்கு இவரைப் பார்த்துத்தான் பிலாத்து சீன் எழுதினாரா?"

"மித்ரா கதை சொல்றேன், நாளைக்கு ஃபோன் பண்ணு" என்று அனுப்பிவிட்டுப் படுத்தேன்.